சட்டத்தை மீறுவது எப்போதுமே தவறுதானா?

கேள்வி, 2023 ஏப்ரல் 28

ஒரு சட்டம் நமக்கு ஒப்பவில்லை என்றால் மனுக் கொடுக்கலாம், வழக்குத் தொடுக்கலாம், அடுத்த தேர்தலில் வேறு கட்சிக்கு வாக்களிக்கலாம். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு 'என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை' என்று சொல்லி ஒருவர் சட்டத்தை மீறினால், அதே சொல்லை நாளை ஆற்று மணலைத் திருடுகிறவரும் சொல்வார். ஆகவே எந்தக் காரணத்துக்காகச் செய்தாலும் சட்ட மீறல் அறத்தின்படி தவறே என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டும்.

பதில், 2023 ஏப்ரல் 30

மறுக்கிறேன். இதற்கு இன்றைய தேதியே போதும். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் புறப்பட்ட இராஜாஜி, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகச் சுமார் 150 மைல் நடந்து 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார். 30ஆம் தேதி அகத்தியம்பள்ளியில் உப்பை அள்ளிச் சட்டத்தை மீறிக் கைதாகி, ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அந்த உப்புச் சட்டம் 1882ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கடல் தானாகக் கரையில் காய வைத்துவிட்டுப் போகிற பொருளை ஏழை ஒருவர் தம் கஞ்சிக்கு அள்ளினால் அவரைக் குற்றவாளியாக்கிய சட்டம் அது.

மனுக் கொடுக்கலாம் என்கிறீர்கள். தண்டி யாத்திரைக்குப் புறப்படும் முன்னரே, 1930 மார்ச் 2 அன்று, காந்தி வைஸ்ராய் இர்வினுக்குக் கடிதம் எழுதிவிட்டார். வாக்கை மாற்றிப் போடலாம் என்கிறீர்கள். அன்றைய வாக்குரிமை சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கானது. உப்பு வரி யார் முதுகில் அதிகமாக அழுத்தியதோ, அவர்களிடம் வாக்குச்சீட்டே இல்லை.

மணல் திருடுகிறவருக்கு வருகிறேன். சட்ட மீறல் அறத்தோடு பொருந்த மூன்று அடையாளங்கள் வேண்டும் என்று நெடுங்காலமாக நம்பி வருகிறேன். மீறுகிறவர் அதை எல்லாரும் பார்க்கச் செய்ய வேண்டும். பிறருக்குத் தீங்கு விளையக் கூடாது. அதற்குரிய தண்டனையைத் தாமே ஏற்க வேண்டும். நள்ளிரவில் லாரி கொண்டுவந்து மணல் அள்ளுகிறவரிடம் இந்த மூன்றில் ஒன்றும் கிடையாது. அவர் அள்ளிய பள்ளத்தால் வற்றுவது அடுத்தவர் கிணறு.

2023 மே 3

நான் எழுதியதையே நான் திருத்த வேண்டியிருக்கிறது. மூன்று நாட்களாக என் அப்பாயியின் நினைவு விடவில்லை.

வேதாரண்யம் யாத்திரை தஞ்சாவூர் மாவட்டத்துக்குள் நுழைந்தபோது, கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்குச் சோறிடுகிறவர்களும் தங்க இடங்கொடுக்கிறவர்களும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 157ஆம் பிரிவின்படி தண்டிக்கப்படுவார்கள் என்று ஊர் ஊராக அறிவித்தார். ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். சத்திரத்துக் கதவுகள் மூடின. ஆனால் வழியெல்லாம் சாலையோர மரங்களில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. ஆற்றங்கரையில் தொண்டர்கள் இளைப்பாறினால், சோற்றுப் பாத்திரம் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு யாரோ அடையாளம் விட்டுச் சென்றிருப்பார்கள்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்கு அருகில் இருக்கிறது. அப்பாயி அப்போது சிறுமி. விடியுமுன் தன் தாயோடு போய், வாழை இலையில் கட்டிய புளிச்சோற்றைப் புங்க மரக் கிளையில் தொங்கவிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடிவந்ததை அவர் என் சிறு வயதில் பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம், 'திரும்பிப் பார்த்தால் மாட்டிக்கொள்வோம் என்று அம்மா சொல்லியிருந்தாள்' என்பதைத் தவறாமல் சேர்ப்பார்.

என் மூன்று அடையாளங்களோடு இதை ஒப்பிட்டால் என்ன ஆகிறது? அந்தத் தாய் எல்லாரும் பார்க்கச் செய்யவில்லை. தண்டனையை ஏற்க முன்வரவும் இல்லை. அதிலிருந்து தப்பவே இருட்டில் போனார். என் விதிப்படி பார்த்தால் மூன்றில் இரண்டில் அவர் தோற்றுவிடுகிறார். ஆனால் அவர் செய்தது தவறு என்று சொல்ல என் நாக்கு எழாது. ஆகவே பிழை அவரிடம் இருக்க முடியாது. என் விதியில்தான் இருக்கிறது.

இதே யாத்திரையில் கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தொண்டர்களைத் தம் வீட்டிலேயே வெளிப்படையாகத் தங்க வைத்து விருந்திட்டு, அதற்காகச் சிறைக்கும் போனார். அவர் செயல் பெரிது. ஆனால் அவர் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர். சிறைக்குப் போனாலும் அவர் வீட்டு அடுப்பு எரியும். நாற்று நட்டுக் கூலி வாங்கும் ஒரு பெண் சிறைக்குப் போனால், வீட்டிலிருக்கும் பிள்ளைக்கு யார் சோறு போடுவது? தண்டனையை ஏற்பதே அறத்தின் அடையாளம் என்றால், அறம் வசதி உள்ளவர்களுக்கு மட்டும் உரியதாகிவிடும். இதை நான் இத்தனை ஆண்டுகளாக யோசிக்காமல் இருந்ததற்கு வருந்துகிறேன்.

2023 மே 4

சோறு போடுவது எப்படிச் சட்ட மீறலாகும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. 157ஆம் பிரிவு, சட்டவிரோதக் கூட்டத்துக்காகக் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்களுக்கு இடங்கொடுப்பதைப் பற்றியது. தாமே விரும்பி நடந்தவர்களுக்குச் சோறிட்டவர்கள் மீது அதைப் பாய்ச்சியது சட்டத்தை வளைத்த செயல் என்பதே என் எண்ணம். ஆனால் புங்க மரத்தடியில் நின்ற பெண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியாது. தண்டோரா போட்டதுதான் அவர் அறிந்த சட்டம். அதை மீறுகிறோம் என்று தெரிந்தே அவர் மீறினார். அவருடைய செயலின் அறத்தை எடைபோட அந்த அறிவு போதும்.

2023 மே 11

தனியாக எழுதிய ஒருவர், 'வரலாற்றை விடுங்கள், உங்கள் வாழ்க்கையில் நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று கேட்கிறார். சொல்கிறேன்.

என்னுடைய பிறந்த தேதியே ஒரு பொய். நான் பிறந்தது 1951 ஐப்பசியில், அடைமழையில். 1956 ஜூனில் அப்பா என்னைப் பள்ளிக்கு அழைத்துப் போனபோது எனக்கு ஐந்து வயது நிறையவில்லை. தலைமை ஆசிரியர் என் வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொன்னார். விரல் எட்டியது. உடனே சேர்க்கைப் பதிவேட்டில் 1951 ஜூன் 1 என்று எழுதிக்கொண்டார். என் வயதொத்தவர்கள் இதைப் படித்தால் தங்கள் சான்றிதழை எடுத்துப் பார்ப்பார்கள். நம் தலைமுறையில் பாதிப் பேர் மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் பிறந்தது இப்படித்தான்.

அரசுப் பதிவேட்டில் தெரிந்தே பொய் எழுதுவது குற்றம். அவர் அதைக் காசுக்காகச் செய்யவில்லை. அந்த ஆண்டு திருப்பி அனுப்பினால் இந்தப் பையன் மாடு மேய்க்கப் போய்விடுவான், அடுத்த ஆண்டு வரமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். எனக்கு முன்னால் வந்த இருவர் அப்படித்தான் போனார்கள். நான் படித்ததும் ஆசிரியரானதும் அந்த ஒரு வரிப் பொய்யிலிருந்து தொடங்கியவை. அவருடைய செயலை நான் தவறு என்று சொன்னால், என் வாழ்க்கையின் அடியிலேயே ஒரு தவறு இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்காகவே அதைச் சரி என்று சொல்கிறேனோ என்ற ஐயமும் எனக்கு உண்டு. பயன் பெற்றவன் நீதிபதியாக இருக்கக் கூடாது என்பதால், இந்த ஓர் உதாரணத்தை என் வாதத்துக்குச் சான்றாக வைக்காமல், நடந்ததை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

2023 மே 12

'அப்படியானால் நீங்கள் தலைமை ஆசிரியரானபோது நீங்களும் பிள்ளைகளுக்கு அவ்வாறு எழுதிக் கொடுத்திருப்பீர்கள்' என்று அதே நண்பர் எழுதியிருக்கிறார். இல்லை. விடை எழுத எனக்குச் சில நாட்கள் வேண்டும்.

2023 மே 20

2003 பிப்ரவரி. ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நான் தலைமை ஆசிரியர். ஊருக்கு வெளியே செங்கல் சூளை இருந்தது. விழுப்புரம் பக்கத்திலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து, தை மாதம் முதல் மழை தொடங்கும் வரை கல் அறுப்பார்கள். அப்படி வந்த ஒரு தாய், ஒன்பது வயதிருக்கும் ஒரு பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். ஊரில் மூன்றாம் வகுப்பு வரை படித்திருக்கிறாள், இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். மாற்றுச் சான்றிதழ் இல்லை. மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் சேர்ப்பதில்லை என்பது அன்று நாங்கள் கடைப்பிடித்த விதி. ஊருக்குப் போய் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றேன். சூளையில் முன்பணம் வாங்கியவர் நடுப்பருவத்தில் ஊருக்குப் போக முடியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

எங்கள் பள்ளியில் இருந்த உதவி ஆசிரியை, 'பதிவேட்டில் எழுத வேண்டாம் சார், சும்மா வகுப்பில் உட்காரட்டும், மத்தியானம் சத்துணவாவது சாப்பிடுவாள்' என்றார். சத்துணவுக் கணக்கில் ஒரு தலை கூடும், ஆண்டாய்வில் யார் பதில் சொல்வது என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன். அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை. 'சரிங்க சார்' என்று சொல்லிவிட்டுப் போனார். மறுபடி வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து மிதிவண்டியில் சூளை வழியாகப் போனபோது, அந்தப் பெண் காய்ந்த, இன்னும் சுடாத செங்கற்களைத் தலையில் சுமந்து கொண்டுபோய் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்று வணக்கம் சொன்னாள். பள்ளியில் படித்த பிள்ளை அல்லவா, வாத்தியாரைக் கண்டால் வணக்கம் சொல்லப் பழகியிருந்தாள்.

முப்பத்தைந்து ஆண்டுப் பணியில் நான் எந்த விதியையும் மீறவில்லை என்று ஓய்வு பெற்ற நாளில் பேசினேன். மேடையில் கைதட்டினார்கள். இந்தக் கேள்வியைத் தொடங்கியவரிடம் நான் பணிவோடு கேட்பது இதுதான்: சட்டத்தை மீறுவது எப்போதும் தவறு என்றால், மீறாமல் இருப்பது எப்போதும் சரி என்று நமக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. அந்த நிம்மதிதான் அன்று என்னை அந்தத் தாயின் முகத்தைப் பார்க்காமல் பேச வைத்தது.

2023 ஜூன் 2

முந்தைய குறிப்பைப் படித்துவிட்டு 'உங்களை இவ்வளவு வருத்திக்கொள்ள வேண்டாம், நாற்காலி அப்படிப்பட்டது' என்று சிலர் எழுதினார்கள். அன்புக்கு நன்றி. நாற்காலி என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொள்கிறேன்.

1930இல் சட்டத்தை மீறிய இராஜாஜி, 1937இல் சென்னை மாகாணப் பிரதமரானார். பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது மறியல் செய்தவர்களை, ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றவியல் திருத்தச் சட்டத்தைக் கொண்டே அவருடைய அரசு சிறையில் அடைத்தது. ஏறத்தாழ 1,200 பேர் கைதானார்கள். கைக்குழந்தைகளோடு சிறை சென்ற பெண்களும் அவர்களில் இருந்தார்கள். நடராசன் 1939 ஜனவரியிலும் தாளமுத்து அதே ஆண்டு மார்ச்சிலும் சிறைவாசத்தின்போது இறந்தார்கள். எட்டாண்டுக்கு முன் இவரே செய்ததைத்தான் அவர்கள் செய்தார்கள்: வெளிப்படையாக மீறினார்கள், தண்டனையை ஏற்றார்கள். நான் சொன்ன மூன்று அடையாளங்களும் அவர்களிடம் இருந்தன. இருந்தும் அவர் கண்ணுக்கு அவை தெரியவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த அரசு, ஆகவே இங்கே மீறலுக்கு இடமில்லை என்பது அவர் பக்கத்து நியாயம். அந்த நியாயத்தை நான் முழுக்கத் தள்ளவில்லை. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசும் அந்நிய அரசின் சட்டத்தையே எடுத்து வீசியபோது அந்த நியாயத்தின் வலு பெரிதும் குறைந்துவிட்டது.

2023 ஜூன் 15

கேள்வி கேட்டவருக்கு ஓரிடத்தில் நான் விட்டுக்கொடுக்க வேண்டும். 'எல்லாரும் மீறத் தொடங்கினால்?' என்ற அவருடைய அச்சம் உண்மையானது. காந்திக்கே அந்த அச்சம் இருந்தது. 1919இல், விசாரணையின்றிச் சிறையிட வழிசெய்த ரௌலட் சட்டத்துக்கு எதிரான போராட்டம் கலவரமாக மாறியபோது, தாம் இமாலயத் தவறு செய்துவிட்டதாக அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். சமுதாயத்தின் சட்டங்களைப் பயத்தால் அல்லாமல் மனமுவந்து கடைப்பிடித்துப் பழகியவருக்கே, எந்தச் சட்டம் அநீதியானது என்று பிரித்தறியும் தகுதி வரும். அந்தப் பழக்கம் ஏற்படும் முன்பே மக்களை மீறச் சொன்னது தம் பிழை என்றார். 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் காவல் நிலையத்தோடு 22 காவலர்கள் எரிந்து இறந்தபோது, நாடு முழுதும் நடந்துகொண்டிருந்த ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தினார்.

ஆகவே யாருமில்லாத சாலையில் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போகிறவர் தம்மை வேதாரண்யத்துத் தொண்டர்களோடு ஒப்பிட்டுக்கொள்ளக் கூடாது. சாலை விதி யாரையும் தாழ்த்துவதில்லை, எல்லாரையும் காக்கிறது. இதை ஒருவர் நீளமாக விவாதித்திருக்கிறார். எனக்கு அதில் மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

2023 ஜூலை 8

வழக்குத் தொடுக்கலாமே என்பதற்கு இதுவரை நான் விடை சொல்லவில்லை. இன்று சொல்லலாம்.

கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் 1897இல் நுழைந்தார்கள். அது வழக்கானது. கீழ்க் கோர்ட்டும் சென்னை உயர் நீதிமன்றமும் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் அங்கேயும் தோற்றார்கள். பதினோராண்டு நீதிமன்றப் படியேறியதில் கிடைத்த பலன், முன்பு வழக்கமாக மட்டும் இருந்த தடை அதன்பின் சட்டத்தின் முத்திரையோடு நின்றதுதான்.

1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் காங்கிரஸ்காரரான ஏ. வைத்தியநாத ஐயர் ஒரு சிறு குழுவை அழைத்துச் சென்றார். ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர்களோடு ஒரு நாடாரும் அதில் இருந்தார். பின்னாளில் இம்மாநிலத்தின் உள்துறை அமைச்சரான கக்கனும் அவர்களுள் ஒருவர். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு துணை நின்றார். அந்தக் காலையில் அவர்களைக் காக்க எந்தச் சட்டமும் இல்லை. இராஜாஜி அரசின் அவசரச் சட்டம் பிறகுதான் வந்தது; அதே ஆண்டில் கோயில் நுழைவு அனுமதி மற்றும் இழப்புக் காப்புச் சட்டம் நிறைவேறி, நுழைந்தவர்களையும் அதற்கு உதவிய அதிகாரிகளையும் வழக்குகளிலிருந்து காத்தது. ஜூன் 2 அன்று நான் குறைகூறிய அதே மனிதர் இதைச் செய்தார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். சிறைவாசத்தின்போது இருவர் இறந்த அதே ஆண்டு அது.

இங்கே கால்கள் முதலில் போயின, சட்டம் பின்னால் வந்தது. சட்டம் வரும் வரை காத்திருந்தால் நுழைவு நடந்திருக்குமா என்பதைவிட, நுழைவு நடக்காமல் அந்தச் சட்டம் வந்திருக்குமா என்று கேட்கிறேன். வந்திருக்காது என்றே நம்புகிறேன்.

அதே நாளில் பட்டர்களில் சிலர் பூசை செய்ய மறுத்து விலகினார்கள். அவர்களும் மனச்சாட்சியைத்தான் சொன்னார்கள். மனச்சாட்சி மட்டும் போதாது என்று கேள்வி கேட்டவர் சொன்னது இந்த இடத்தில் சரியாகிறது. ஆனால் வேறுபாட்டைக் காண்பது எனக்குக் கடினமாக இல்லை. ஒரு தரப்பின் மனச்சாட்சி, தெருவில் நிறுத்தப்பட்டவர்களை உள்ளே அழைத்தது. மறு தரப்பின் மனச்சாட்சி, அவர்கள் தெருவிலேயே நிற்க வேண்டும் என்றது. ஏப்ரல் 30இல் நான் வைத்த மூன்று அடையாளங்களில் வெளிப்படையும் தண்டனையை ஏற்பதும் உதிர்ந்துவிட்டன. மீதமிருப்பது, மீறலின் சுமை யார் தோளில் விழுகிறது என்ற ஒன்றுதான். அதை மட்டும் இன்னும் விடாமல் வைத்திருக்கிறேன்.

2023 ஜூலை 9

நேற்று எழுதிய 'சட்டம் பின்னால் வந்தது' என்ற சொல் இரவெல்லாம் தூங்கவிடவில்லை.

நாடாளுமன்றம் 2009 ஆகஸ்டில் கல்வி உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று அதன் 5ஆம் பிரிவும், வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது என்று 14ஆம் பிரிவும் சொல்கின்றன. என் தலைமை ஆசிரியர் 1956இல் செய்ததன் நோக்கமும், எங்கள் உதவி ஆசிரியை 2003இல் செய்யச் சொன்னதும் இன்று சட்டமாகிவிட்டன. அவர்கள் இருவரும் சட்டத்துக்கு முன்னால் நடந்தார்கள். நான் அதன் பின்னால் கூட நடக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றேன்.

2009 மே 31 அன்று நான் ஓய்வு பெற்றேன். ஐப்பசியில் பிறந்தவன் என்று உள்ளபடி எழுதியிருந்தால், கல்வியாண்டு முடியும் வரை மறுநியமனத்தில் இருந்து, சட்டம் நடைமுறைக்கு வந்த ஏப்ரலில் நான் அதே அறையில் உட்கார்ந்திருப்பேன்.

2023 ஜூலை 21

ஒரு திருத்தம். அப்பாயியின் தங்கை மகள், என் அத்தை, இதைப் படித்துவிட்டு அழைத்தார். புங்க மரம் இல்லை, சாலையோரப் புளிய மரம். புங்க மரம் எங்கள் வீட்டு வாசலில் நின்றது, இரண்டையும் நான் சேர்த்துவிட்டேன் என்கிறார். அத்தை சொல்வதே சரியாக இருக்கும். இலையில் கட்டியது புளிச்சோறு என்பதில் இருவரும் ஒத்துப்போகிறோம்.

அந்தச் சூளைப் பெண்ணைத் தேடினீர்களா என்று மூவர் கேட்டிருக்கிறார்கள். தேடினேன். சென்ற வாரம் அந்த ஊருக்குப் போனேன். சூளை மூடிப் பத்தாண்டுக்கு மேலாகிறது, அந்த இடத்தில் கருவேலம் மண்டியிருக்கிறது. முதலாளி இறந்துவிட்டார். அவர் மகனுக்குக் கூலியாட்களின் பெயர்கள் தெரியாது. விழுப்புரம் பக்கம் என்பதற்கு மேல் ஊர்ப்பெயரும் தெரியாது. பள்ளிக்குப் போய் 2003ஆம் ஆண்டுச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்கலாமா என்று இப்போதைய தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். அவர் எடுத்துக் கொடுத்தார். பிப்ரவரிப் பக்கத்தைத் திறந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதில் அவள் பெயர் எப்படி இருக்கும்? அன்று அந்தத் தாய் மகளின் பெயரைச் சொன்னார். நான் எழுதிக்கொள்ளவில்லை.